அரசியின் ஒற்றைக்கொம்பு

கோயம்புத்தூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னபோது நான் அழுதேன். பாவம், மனிதர் பயந்துபோனார். ஒன்பது வருஷமாகப் புனேயில் உட்கார்ந்துகொண்டு நல்ல முருங்கைக்காய் இல்லை, நல்ல தேங்காய் இல்லை, தண்ணீர் சரியில்லை என்று தினமும் புலம்பியவள் நான்தான்.

"ஏன் புள்ள, ஊருக்குப் போறதுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"டப்பாவ என்ன பண்றதுங்க?" என்றேன்.

எந்த டப்பா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டப்பா என்றால் அது ஒன்றுதான். ஹால் அலமாரியின் கீழ்த் தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு நாடு இருந்தது.

மேஜையில் ஆடும் விளையாட்டு என்றால் எல்லோரும் கேரம் போர்டைத்தான் நினைக்கிறார்கள். இது வேறு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். "எதிரே ஆறு. படகில் ஓட்டை. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நான் ஹிந்தியில் கேட்பேன். அவர்கள் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். முடிகிற இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். ஞாயிறு காலை பத்து மணி, கராடியில் எங்கள் ஃபிளாட், சாப்பாட்டு மேஜை. மூன்று வருஷமாக ஒரே கதை. அதற்கு நான் வைத்த பெயர் உப்பு நாடு. வாரம் ஐந்து நாள் மென்பொருளில் பிழை தேடிக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. ஞாயிறு மட்டும்தான் நான் எதையாவது உண்டாக்கினேன்.

விளையாட வருகிறவர்கள் மூன்று பேர். எதிர் ஃபிளாட் மராத்தியம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே அக்காவைத் தாயீ என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். வகுப்பில் அத்தனை கண்டிப்பானவர், கதையில் திருடி. பூட்டைக் கண்டால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்! அவர் கணவர் பல் டாக்டர், மகர்பட்டாவில் கிளினிக். கதையில் மாவீரன். ஆனால் பகடை உருட்டினால் மூன்றுக்கு மேல் விழாது, மாவீரன் வாராவாரம் எதிலாவது வழுக்கி விழுவான்.

மூன்றாவது ஆள் லோஹேகாவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருவாள். என் ஆபீசில் வேறு டீம், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அப்பா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஊர் ஊராக மாற்றலாகி வளர்ந்த பெண், பள்ளிக்கூடம் எல்லாம் ஹிந்தி. தமிழ் பேசுவாள், யோசித்து யோசித்து, 'அதாவது' என்பதற்கு ஹிந்தி 'மத்லப்', ஒரு வரிக்கு நாலு போட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. கதையில் அவள் வைத்தியச்சி. மாவீரன் விழுந்தால் கட்டுப்போடுவது அவள் வேலை என்பதால் கை ஓயாது.

டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகடைகள் பழைய அஞ்சறைப்பெட்டியில் இருக்கும், இன்னும் சீரக வாசனை அடிக்கும். சோழிகள் நம் ஆட்கள், புளியங்கொட்டைகள் எதிரிகள். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைபடங்கள். அப்புறம் அட்டைகள், முந்நூறுக்குக் குறையாது. ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகைகளைப் பாதியாக வெட்டினால் அருமையான கெட்டி அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் 'இரு வீட்டார் அழைப்பு', மறுபக்கம் படகோட்டி. ஒரு பக்கம் சுபமுகூர்த்தம், மறுபக்கம் விஷக் கிணறு.

எல்லாம் தமிழில் எழுதியவை. முதல் மாதம் இங்கிலீஷில்தான் எழுதினேன். டாக்டர் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே வாசித்துவிட்டார்! கிணற்றுப் பக்கம் மாவீரன் போகவே இல்லை, எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்குத் தமிழுக்கு மாறினேன். அதன் பிறகு எதையும் மறைக்கத் தேவைப்படவில்லை, அட்டைகள் மேஜையிலேயே திறந்து கிடக்கும். அந்த மேஜையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது அதுவே தலையில் விடிந்தது.

மாற்றல் செய்தியை அந்த ஞாயிறு மேஜையில் சொன்னேன். புறப்பட ஐந்து வாரம் இருந்தது. டாக்டர் கம்ப்யூட்டர் வழியாக ஆடலாமே என்றார். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது அதையும் பார்த்தாயிற்று. மாவீரன் வாளை ஓங்கிய கணத்தில் நெட் நின்று, டாக்டர் வாயைத் திறந்தபடி பத்து நிமிஷம் உறைந்திருந்தார். அவரே அதை நினைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

"நான் நடத்துதேன் அக்கா" என்றாள் லோஹேகாவ்காரி.

நான் யோசிக்கவே இல்லை. "உனக்குத் தமிழ் படிக்கவே தெரியாது கண்ணு. இதுல எங்கிருந்து நடத்துவ?" என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். என் வாய்க்குப் பூட்டுப் போட எந்தத் திருடியாலும் முடியாது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அடுத்த இரண்டு ஞாயிறும் உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினாள்.

எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலுக்கு நான் செய்த பரிகாரம், அவளைக் கூப்பிட்டுப் பேசுவதல்ல, முந்நூறு அட்டைகளையும் இங்கிலீஷில் எழுதுவது. ஆபீசில் ஒருவர் போகும்போது அடுத்தவரிடம் வேலையை விளக்கி ஒப்படைப்பதை கே.டி. என்பார்கள். எங்கள் ஊரில் கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள். எப்படியோ, யாராவது நடத்தட்டும், தயாராகக் கொடுத்துவிடுவோம் என்று ஹால் தரை முழுக்க அட்டைகளைப் பரப்பினேன். ஆள், இடம், நடந்தது, நடக்கப்போவது என்று நாலு கட்டு, நாலு நிற ரப்பர் பேண்ட். வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுக்கில் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப் போனார்.

அடுக்கினால்தான் தெரிகிறது, மூன்று வருஷமாக நான் எவ்வளவு அலங்கோலமாக எழுதியிருக்கிறேன் என்று. ஒரு அட்டையில் 'சனி, பச்சை, அவன் இல்லை' என்றிருந்தது. எவன் இல்லை? இன்னொன்றில் 'இதை மட்டும் மறந்துடாதே' என்று அடிக்கோடு வேறு போட்டு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். எதை என்று எழுதவில்லை. ஆபீசில் யாராவது இப்படி ஒப்படைத்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

புரிந்தவையும் இங்கிலீஷில் செத்துப்போயின. படகோட்டி எப்போதும் சொல்வது, "வந்தா ஏறு, வராட்டி நில்லு, என் நேரத்தத் திங்காத." அதை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன், விமான நிலையத்து அறிவிப்பு மாதிரி இருந்தது. நாற்பது அட்டையோடு பேனாவை மூடினேன். பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "கோவமா அக்கா?" என்றாள். கோபப்பட வேண்டியவள் அவள். உள்ளே வந்து, தரையில் குந்தி, ஒரு அட்டையை எடுத்தாள்.

"ப... ட... கோ... ட்டி."

என் கையிலிருந்த ரப்பர் பேண்ட் தெறித்து ஓடியது.

"படகோட்டி வரும்போதெல்லாம் நீங்க இதத்தான் எடுப்பீங்க. மேல பெருசா எழுதிருக்கும்லா? அத மனசுல வச்சிக்கிட்டு வீட்ல போயி எழுதிப் பாப்பேன். அப்புறம் கிணறு, அப்புறம் அரசி, மந்திரி. அப்பிடியே எழுத்து எழுத்தா... எட்டு மாசமாச்சி."

"அடிப்பாவி! அப்ப எட்டு மாசமா என் ரகசியமெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"சத்தியமா இல்ல அக்கா. தலைப்பு மட்டும்தான் பாப்பேன். கீழ பாத்தா, மத்லப், கதை கெட்டுப் போவும்லா?"

"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. எழுந்து போய் தோசை ஊற்றினேன். ஆறு தின்றாள். "நெசமாவே நீ கேடிதான்" என்று சொல்லி, அந்த வார்த்தையின் இரண்டு அர்த்தத்தையும் விளக்கினேன். சட்னி புரையேறச் சிரித்தாள்.

புறப்பட இரண்டு வாரம்தான் பாக்கி. ஆபீஸ் முடிந்து தினமும் வந்தாள். ஒவ்வொரு அட்டையாக உரக்க வாசிப்பாள், புரியாததைக் கேட்பாள், தன் நோட்டில் ஹிந்தியில் குறித்துக்கொள்வாள். "அக்கா, இது கொடியா கோடியா?" என்று அடிக்கடி நிற்பாள். என் கையெழுத்தின் லட்சணம் அது. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஒரே மாதிரிதான் போடுவேன், மேலே சுழிக்கிற பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழம்மா இதற்காகவே மதிப்பெண்ணைப் பிடுங்குவார். "கதையப் பாரு, தானா தெரியும். கப்பல்ல பறக்கறது கொடிதான, கோடியா பறக்கும்?" என்று அவளையே அதட்டினேன்.

ஒரே ஒரு அட்டையை மட்டும் அவளிடம் காட்டவில்லை, மேஜைக்கும் அதைக் கொண்டுவந்ததில்லை. உப்பு நாட்டை ஆள்கிற அரசியை யாரும் பார்த்ததில்லை, திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். கதையின் பெரிய ரகசியம், அப்படி ஒரு அரசியே கிடையாது, மந்திரிகள் கூடிக் கட்டிய கட்டுக்கதை. மூன்று வருஷம் முன்னால், தமிழுக்கு மாறிய அன்றே, சிவப்பு மையில் ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்: 'அரசி பொய்'. அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. மீதியெல்லாம் என் மண்டைக்குள். அந்த அட்டையை ஒரு மொய்க் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். கடைசி ஞாயிறு அவள் நடத்தும்போது, திரை விலகுகிற நேரத்தில் பிரிக்க வேண்டும், பிரித்ததும் டீக்கு நிறுத்த வேண்டும், நான் அடுக்களையில் மீதியைச் சொல்லித் தருவேன். இதுதான் திட்டம். உண்மையைச் சொன்னால், மூன்று வருஷமாக அந்தத் திரைக்கு முன்னால் நின்றவள், அதைப் படித்ததும் வாயைப் பொத்திக்கொள்வாளே, அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். என் அல்ப ஆசை அது.

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். "இந்த ஒரு ஞாயிறு பார்ப்போம். சரியாக வந்தால் தொடரலாம். இல்லையென்றால் நான் காலையில் பேட்மிண்டன் ஆடப் போய்விடுவேன்" என்றார். அவர் போனால் தாயீயும் போய்விடுவார். பிறகு பெட்டியும் அவளும்தான். அன்று பேட்மிண்டன் என்ற வார்த்தையையே வெறுத்தேன்.

கடைசி ஞாயிறு. லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது. நாற்காலிகளைக் கட்டியாகிவிட்டதால் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்தோம். தாயீ வழக்கம்போல் போஹா, அதாவது அவல் உப்புமா, கொண்டுவந்தார். என் இடத்தில் அவள், அவள் இடத்தில் நான். அவளுடைய சோழியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக விளையாட வந்தவளாக உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் சொல்லும்படி இல்லை. அட்டையை எடுப்பாள், உதடு அசைய வாசிப்பாள், "ஏக் மினிட்" என்பாள், ஹிந்தியில் சொல்வாள், தப்பு என்று திருத்துவாள். டாக்டர் ஃபோனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். நான் அவர் பக்கம் டீயை நகர்த்தினேன், போஹாவை நகர்த்தினேன், ஃபோனைப் பிடுங்கவில்லை, அவ்வளவுதான். அவள் நெற்றி வேர்த்திருந்தது. இது நடக்காது, முடிந்தது என்றே நினைத்துவிட்டேன்.

அரண்மனை வந்தது. அரசியின் ஆசனமான அஞ்சறைப்பெட்டிக்கு முன்னால் நாங்கள் எப்போதும் திரையாகத் தொங்கவிடும் சிவப்பு ரவிக்கைத் துணி. அவள் கவரைப் பிரித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். வாசித்தாள். வாயைப் பொத்தவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது. இன்னொரு தடவை வாசித்தாள். டீக்கு நிறுத்துவாள் என்று நான் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் துணியைச் சட்டென்று இழுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"ராணி சலீ கயீ."

அரசி போய்விட்டாளா? ஏன் போகிறாள்? இருந்தால்தானே போவதற்கு! அப்புறம்தான் உறைத்தது. 'பொய்' என்று நான் எழுதியதை இவள் 'போய்' என்று வாசித்திருக்கிறாள். என் கொம்பு, என் கையெழுத்து. மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம், ஒரு சுழியில் போயிற்று. அட மண்டூகமே என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் டாக்டர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "போய்விட்டாளா? போன மாதம்கூடப் பேசினாளே! எங்கே போனாள்?"

"ஆசனம் இன்னும் சூடாக இருக்கிறதா, பார்" என்றார் தாயீ. பெட்டியை விட்டு எழுந்தே விட்டார்.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் போனது. மூன்று பேரும் அந்தக் காலி அஞ்சறைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டாள். "அக்கா, இது பாதியில நிக்கு. 'அரசி போய்'. போய்... அப்புறம்?"

நான் கையிலிருந்த சோழியைப் பார்த்தேன்.

"வாசல்ல நின்னு 'போறேன்'னு சொன்னா எங்க அம்மா வைவா. 'போயிட்டு வாரேன்'னுதான் சொல்லணும்பா. அப்ப இதுக்குப் பின்னாடியும் ஒரு வார்த்தை இருக்கணும்லா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டாக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் கதை நான் எழுதியபடி முடியும். மேஜையில் அவள் மறுபடியும் தமிழ் படிக்கத் தெரியாதவள் ஆகிவிடுவாள்.

"மீதிய நீதான் கண்ணு முடிக்கணும். அதுக்குத்தான் எழுதாம விட்டேன்" என்றேன். துளி உறுத்தல் இல்லாமல் சொன்னேன்.

அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு எந்த அட்டையையும் எடுக்கவில்லை. ஆசனத்திலிருந்து கடல் வாசல் வரைக்கும் ஈர உப்பில் காலடித் தடம் இருக்கிறது என்றாள். தடம் போகிற திசையில் அரசி ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், திரும்பி வருகிறவர்கள்தான் விளக்கு வைத்துவிட்டுப் போவார்கள் என்றாள். ஒரு தடவைகூட 'ஏக் மினிட்' சொல்லவில்லை. மாவீரன் தடத்தின் பின்னால் பாய்ந்தான். டாக்டர் பகடையை உருட்டினார். மூன்று. உப்பில் வழுக்கி, வாளோடு கடலில் விழுந்தார். தாயீ கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒரு மணி ஆகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டாக்டர் அவளிடம் கேட்டார். "அடுத்த ஞாயிறு பத்து மணிதானே? எங்கள் வீட்டில் மேஜை பெரியது. ஆனால் என்னைக் கடலிலிருந்து தூக்காமல் ஆரம்பித்துவிடாதே!"

நான் அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். இந்தத் தடவை வீட்டுக்காரர் பயப்படவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை பெட்டியை மூடுமுன் சிவப்பு மை அட்டையை எடுத்தேன். இந்த நாட்டில் இனி அரசி பொய்யில்லை. கொம்பின் மேல் ஒரு சுழி போட்டேன். சிவப்புப் பேனா சாமானோடு கட்டுக்குள் போய்விட்டதால் நீல மை. அன்று சாயந்திரம் அவள் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நாலு கட்டையும் புரட்டினாள், கேடியாயிற்றே. அந்த அட்டையில் நின்றாள்.

"அக்கா, இந்தச் சுழி மட்டும் நீலமா இருக்கு."

நான் ஒட்டுநாடாவைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"முதல்ல என்ன எழுதிருந்தீங்க?"

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்றேன்.

கட்டைவிரலால் சுழியை மறைத்தாள். உதடு அசைந்தது. "அரசி... பொ... பொய்." மூன்று வருஷமாக நான் காத்திருந்த முகம் அப்போதுதான் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், அட்டை கீழே விழுந்தது.

"ஐயோ அக்கா! அப்ப அரசின்னு ஒருத்தி இல்லவே இல்லையா?"

"நேத்துக் காலைல வரைக்கும் இல்ல கண்ணு" என்றேன். "இப்ப இருக்கா. ஞாயித்துக்கிழம போய்த் தேடிக் கூட்டிட்டு வாங்க."